26 சென்டிமீட்டர் தண்டும் ஒரு ராலி காரும்

ராலிப் போட்டியில் கார்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. பொதுப் போக்குவரத்தை நிறுத்தி மூடிவைத்த மலைப்பாதை, காட்டுவழி, பனி படிந்த கணவாய் என்று பாதை பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் எடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து, குறைந்த நேரம் எடுத்தவரை வென்றவராக அறிவிப்பார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் துணை ஓட்டுநர் அமர்ந்திருப்பார். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்பதைக் குறிப்பேட்டிலிருந்து அவர் வாசித்துக்கொண்டே வருவார். எதிராளி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. போட்டி கடிகாரத்தோடும் பாதையோடும்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கார் இன்னொரு காரைப் பாதையிலேயே முந்துவது அரிது. 1981 ஜனவரியில் மான்டி கார்லோ ராலியில் அது நடந்தது. பனி மூடிய சாலையில் ஃபின்லாந்து ஓட்டுநர் ஹன்னு மிக்கோலா, தனக்கு ஒரு நிமிடம் முன்னதாகப் புறப்பட்ட பெர்னார் டார்னிஷின் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் காரைப் பத்தே கிலோமீட்டருக்குள் பிடித்துக் கடந்து போனார். ஸ்ட்ராட்டோஸ் சாதாரணக் கார் அல்ல. ராலிக்கென்றே வடிவமைக்கப்பட்டு, 1974 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகப் பட்டம் வென்றது. அதைக் கடந்த காரோ ஒரு குடும்பக் காரின் உறுப்புகளிலிருந்து பிறந்தது. அதுதான் ஆடி குவாட்ரோ. பின்னர் விபத்தில் சிக்கி மிக்கோலா அந்தப் போட்டியை இழந்தார். ஆனாலும் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

என்ன விளங்கியது என்பதைப் புரிந்துகொள்ள, டயரிலிருந்து தொடங்க வேண்டும்.

எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், காரைத் தள்ளுவது டயர் தரையைப் பற்றும் இடம்தான். அந்தப் பற்றுதலுக்குப் பிடிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிடிப்பு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, டயரின் மேல் இறங்கும் எடை. மற்றொன்று, தரையின் தன்மை. உலர்ந்த தார்ச்சாலையில் பிடிப்பு அதிகம், சரளையில் குறைவு, பனியில் மிகக் குறைவு. எஞ்சின் தரும் விசை பிடிப்பைத் தாண்டினால் சக்கரம் வெறுமனே சுழலும். கார் முன்னேறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரின் எடை 1,200 கிலோ. முன்சக்கரங்கள் மேல் பாதி, பின்சக்கரங்கள் மேல் பாதி. பனிச்சாலையில் டயர், தன் மேல் உள்ள எடையில் 30 சதவீத விசையைத்தான் தரைக்குக் கடத்தும் என்று கொள்வோம். இரண்டு சக்கரங்களை மட்டும் எஞ்சின் இயக்கினால், 600 கிலோவில் 30 சதவீதம், அதாவது 180 கிலோ அளவுள்ள தள்ளுவிசை கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தள்ளுவிசைக்குத் தேவையான திறன் சுமார் 48 குதிரைத்திறன்தான். எஞ்சினில் 250 குதிரைத்திறன் இருந்தாலும் அந்த வேகத்தில் மிச்சமெல்லாம் சக்கரத்தைச் சுழலவைத்துப் பனியைச் சீவுவதில் போய்விடும். நான்கு சக்கரங்களையும் இயக்கினால் முழு எடையும் பயன்படும். தள்ளுவிசை இரட்டிப்பாகும். எஞ்சினை மாற்றாமலே, கார் இருமடங்கு திறனைத் தரைக்கு இறக்குகிறது. வேகம் கூட்டும்போது எடை பின்பக்கம் சாய்வது போன்ற நுணுக்கங்களை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன். அடிப்படை மாறாது.

டயரின் பிடிப்பு தள்ளுவதற்கு மட்டுமல்ல, வளைவதற்கும் வேண்டும். ஒரே கையிருப்பிலிருந்துதான் இரண்டுக்கும் செலவு. தள்ளும் வேலையை நான்கு டயர்களும் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொன்றிலும் வளைவதற்கான மிச்சம் கூடுகிறது. வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம் என்பது இதன் விளைவு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிரேக் பிடிக்கும்போது நாற்சக்கர இயக்கம் எந்தச் சலுகையும் தருவதில்லை. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. கிளம்புவதில் கிடைக்கும் லாபத்தை நிற்பதிலும் எதிர்பார்த்து மழைச்சாலையில் வேகம் எடுப்பவர்கள் இன்றும் ஏமாறுகிறார்கள்.

இவ்வளவு எளிய கணக்கு யாருக்கும் தெரியாமல் இருந்ததா? இல்லை. ஜீப்புகளும் ராணுவ லாரிகளும் பல பத்தாண்டுகளாக நான்கு சக்கரங்களில் இயங்கின. 1966-ல் பிரிட்டனின் ஜென்சன் நிறுவனம் நாற்சக்கர இயக்கமுள்ள சாலைக் கார் ஒன்றை விற்றது. 1970-களில் ஜப்பானின் சுபாரு விற்றது. தடை எடையிலும் இடத்திலும் இருந்தது. வழக்கமான முறையில், கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு கியர்ப்பெட்டி வைத்துத்தான் முன்னுக்கும் பின்னுக்கும் திறனைப் பிரித்தார்கள். கூடுதல் பெட்டி, கூடுதல் தண்டு, உயர்ந்த தரைமட்டம், இரைச்சல். பிடிப்பில் கிடைக்கும் லாபத்தை எடை விழுங்கிவிடும் என்பதே ராலி வட்டாரத்தில் நிலவிய எண்ணம். விதிகளும் 1979 வரை வழிவிடவில்லை.

ஆடியில் இந்த எண்ணத்தை அசைத்தது இல்டிஸ் என்ற ராணுவ வண்டி. ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவாக்கியது. 1970-களின் பிற்பகுதியில் வட ஐரோப்பாவின் பனிப்பாதைகளில் ஆடி பொறியாளர்கள் தங்கள் முன்சக்கர இயக்கக் கார்களைச் சோதித்தபோது, 75 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட இல்டிஸ் தன்னைவிட வலிமையான கார்களை அங்கே திணறவைத்தது. சேசிஸ் பிரிவைச் சேர்ந்த யோர்க் பென்சிங்கர், இந்த இயக்கத்தை ஒரு வேகமான காரில் பொருத்தினால் என்ன என்று தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெச்சிடம் கேட்டார். பியெச், ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் பேரன், துணிந்து முடிவெடுப்பவர். வால்டர் டிரேசர் பொறுப்பில் வேலை தொடங்கியது. 1978 ஜனவரியில் சோதனைக் கார் ஆஸ்திரியாவின் டுர்ராக்கர் ஹோஹே கணவாயில், 23 சதவீதச் சரிவுள்ள பனிப்பாதையில் கோடைக்கால டயர்களோடு ஏறியது.

ஆனால் அந்த முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. உலர்ந்த சாலையில் கூர்மையாகத் திரும்பினால் கார் துள்ளியது. காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாட்டு வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருள்கிறது, உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் உருள்கிறது. இரண்டும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் சிக்கல் இல்லை. இழுப்பது மாடு, சக்கரம் உருண்டால் போதும். காரில் சக்கரத்தையே எஞ்சின் சுழற்றுகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், திரும்பும்போது ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். இதற்காகத்தான் இரு சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. திறனை இரண்டுக்கும் கொடுத்தபடியே, வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடுவது அதன் வேலை. வளைவில் முன்சக்கரங்களின் தடம் பின்சக்கரங்களின் தடத்தைவிட அகலமானது என்பதால், இதே சிக்கல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலும் வருகிறது. ஆகவே நாற்சக்கர இயக்கக் காருக்கு மூன்று டிஃபரென்ஷியல்கள் தேவை: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று. ஆடியின் முதல் சோதனைக் காரில் நடு டிஃபரென்ஷியல் இல்லை. துள்ளலுக்குக் காரணம் அதுதான்.

அதைச் சேர்க்க வேண்டும், ஆனால் கனமான கூடுதல் பெட்டி வைக்கக் கூடாது. இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அன்றைய ஆடி கார்களில் எஞ்சின் நீளவாக்கில், முன் அச்சுக்கும் முன்னால் அமர்ந்திருக்கும். எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ். முன்சக்கர டிஃபரென்ஷியல் அந்த கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே முன்பக்கம் இருக்கும். முன்சக்கர இயக்கக் காரில் கியர்பாக்ஸின் இரண்டாவது தண்டு, திறனை நேராக முன்னோக்கி இந்த டிஃபரென்ஷியலுக்குக் கொண்டுபோகும். குவாட்ரோவின் பொறியாளர்கள் அந்த இரண்டாவது தண்டைத் துளையுள்ள குழலாக்கினார்கள். குழல் தண்டின் நீளம் 26.3 சென்டிமீட்டர். அது திறனைப் பின்னோக்கி, கியர்பாக்ஸின் வால்பகுதியில் வைத்த சிறிய நடு டிஃபரென்ஷியலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே திறன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி நீண்ட தண்டு வழியாகப் பின் அச்சுக்குச் செல்கிறது. மறுபாதி, குழலுக்குள்ளே ஓடும் மெல்லிய தண்டு வழியாக முன்னோக்கித் திரும்பி, முன்சக்கர டிஃபரென்ஷியலை அடைகிறது. வெளித் தண்டில் திறன் பின்னால் போகிறது. உள் தண்டில் முன்னால் வருகிறது. தனிப்பெட்டி தேவைப்படவில்லை. கார் உயரவில்லை. கூடிய எடை தாங்கக்கூடியதாக இருந்தது.

டிஃபரென்ஷியலுக்கு ஒரு இயல்பான பலவீனம் உண்டு. ஒரு சக்கரம் பனிக்கட்டியில் வழுக்கத் தொடங்கினால், எதிர்ப்பு இல்லாத அந்தப் பக்கமே சுழன்றுகொண்டிருக்கும். பிடிப்புள்ள சக்கரத்துக்கும் விசை வராது. மூன்றும் கட்டில்லாமல் இருந்தால், ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலும் முழு காரும் நின்றுவிடலாம். எனவே சாலையில் விற்ற குவாட்ரோவில் நடு, பின் டிஃபரென்ஷியல்களை ஓட்டுநரே பூட்டிக்கொள்ள வசதி செய்தார்கள். பூட்டினால் அவை இறுகிய தண்டுபோல் வேலை செய்யும். பனியில் அது நல்லது, உலர்ந்த சாலையில் திரும்பும்போது கெடுதல். 1987-ல் வழுக்கலைத் தானே உணர்ந்து திறனைத் திருப்பிவிடும் டோர்சன் வகை நடு டிஃபரென்ஷியல் வந்தபிறகு ஓட்டுநர் அதைப் பூட்டித் திறக்க வேண்டியிருக்கவில்லை.

காரின் மற்ற பகுதிகளில் பெரும்பாலும் சிக்கனமே தெரிகிறது. பின் சக்கரங்களுக்கான சஸ்பென்ஷனைப் புதிதாக வரையவில்லை. முன்பக்கத் தொகுதியையே திருப்பிப்போட்டுப் பின்னால் பொருத்தினார்கள். எஞ்சின், ஆடியின் பெரிய கார்களில் ஏற்கெனவே இருந்த ஐந்து சிலிண்டர் எஞ்சின், 2,144 சி.சி. நான்கு சிலிண்டர் போதாது. ஆறு சிலிண்டரை வரிசையாக வைத்தால் முன் அச்சுக்கு முன்னால் இன்னும் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து என்பது இடத்துக்கேற்ற சமரசம். அதோடு டர்போசார்ஜரைச் சேர்த்தார்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறிச்சக்கரம் சுழன்று, அதிகக் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி அது. சாலைக் காரில் இதனால் 200 குதிரைத்திறன் கிடைத்தது. ராலிக் காரில் 300-ஐத் தாண்டியது. நாற்சக்கர இயக்கமும் டர்போவும் இங்கே ஒன்றையொன்று நியாயப்படுத்தின. டர்போ தந்த திறனை இரண்டு சக்கரங்களால் சரளையில் இறக்கியிருக்க முடியாது.

1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ வெளியானது. ராலியில் ஓட, அதே காரைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் தயாரிக்க வேண்டும் என்பது விதி. இந்த அங்கீகார முறைக்கு ஹோமோலோகேஷன் என்று பெயர். அன்றைய குரூப் 4 பிரிவுக்கு 400 கார்கள் வேண்டும். அங்கீகாரம் கிடைக்கும் முன்பே, 1980 இலையுதிர் காலத்தில், போர்ச்சுகலின் அல்கார்வே ராலியில் மிக்கோலா இந்தக் காரைப் பாதை சரிபார்க்கும் வண்டியாக ஓட்டினார். அவரது நேரம் போட்டியில் கணக்கில் வராது. வந்திருந்தால் ஏறக்குறைய அரை மணி நேர வித்தியாசத்தில் வென்றிருப்பார்.

1981 பிப்ரவரியில் ஸ்வீடன் ராலியில் உலகப் போட்டியின் முதல் வெற்றி வந்தது. அதே ஆண்டு இத்தாலியின் சான்ரெமோவில் பிரான்ஸின் மிஷேல் மூட்டோன், துணை ஓட்டுநர் ஃபப்ரிட்சியா பொன்ஸுடன் வென்றார். உலக ராலிப் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண் ஓட்டுநர் அவர். 1982-ல் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என மூன்று ராலிகளை வென்று, ஓட்டுநர் பட்டத்துக்கு நெருங்கினார். ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் நேரத்தில் தந்தை இறந்த செய்தி வந்தது. அவர் ஓட்டினார், முன்னிலையிலும் இருந்தார், விபத்தில் எல்லாம் போயிற்று. பட்டம் ஓபல் காரை ஓட்டிய வால்டர் ரோர்லுக்குச் சென்றது. ஆடிக்கு அந்த ஆண்டு ஏழு வெற்றிகளும் உற்பத்தியாளர் பட்டமும் கிடைத்தன. மூட்டோனின் வெற்றிகளைக் காரின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. அதே காரை ஓட்டிய மிக்கோலா அந்த ஆண்டுப் பட்டியலில் அவருக்குக் கீழேதான் இருந்தார்.

ஏனென்றால் குவாட்ரோ ஓட்டுவதற்கு எளிய கார் அல்ல. எஞ்சின் முன் அச்சுக்கு முன்னால் தொங்குவதால் மூக்குப் பகுதி கனம். முன்சக்கரங்கள் தள்ளவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். இந்தக் குணத்துக்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். அதோடு டர்போவின் தாமதம். ஆக்சிலரேட்டரை விட்டால் விசிறிச்சக்கரத்தின் வேகம் இறங்கிவிடும். மறுபடி மிதித்தால் திறன் வர நேரம் பிடிக்கும். ஓட்டுநர்கள் இரண்டுக்கும் ஒரே மருந்து கண்டார்கள். வலது காலை ஆக்சிலரேட்டரில் அழுத்தியபடியே இடது காலால் பிரேக்கைத் தொடுவார்கள். டர்போ சுழன்றுகொண்டே இருக்கும். எடை முன்னால் சாய்ந்து பின்பகுதி இலேசாகும். அது வெளியே வழுக்க, கார் திரும்பும். முன்சக்கர இயக்க சாப் கார்களில் பழகிய ஸ்வீடன்காரர் ஸ்டிக் ப்ளோம்க்விஸ்டுக்கு இது கைவந்த கலை. 1984-ல் அவர் உலகப் பட்டம் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு பட்டம் மிக்கோலாவுக்கு.

1983-ல் ஓட்டுநர் பட்டம் ஆடி ஓட்டுநருக்குக் கிடைத்தாலும் உற்பத்தியாளர் பட்டம் 2 புள்ளிகளில் லான்சியாவுக்குப் போனது. லான்சியா 037, பின்சக்கர இயக்கக் கார். எஞ்சின் நடுவில், எடை குறைவு, வளைவில் சுறுசுறுப்பு. உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்குப் பிடிப்பு தாராளமாகக் கிடைப்பதால் நாற்சக்கர இயக்கத்தின் லாபம் சுருங்குகிறது. குவாட்ரோவின் எடையும் மூக்குக் கனமும் மட்டும் மிஞ்சுகின்றன.

ஆடி பதில் தேடியது. அப்போது குரூப் பி என்ற புதிய பிரிவு நடைமுறையில் இருந்தது. அதற்கு 200 கார்கள் தயாரித்தால் போதும். 1984-ல் ஸ்போர்ட் குவாட்ரோ வந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தை 32 சென்டிமீட்டர் குறைத்து, 20 வால்வு எஞ்சின் பொருத்தி, 306 குதிரைத்திறனுள்ள சாலைக் காராகவும் விற்றார்கள். கார் விரைவாகத் திரும்பியது. ஆனால் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே ஆண்டு பெஜோ 205 டர்போ 16 களமிறங்கியது. ஆடியிடமிருந்து நாற்சக்கர இயக்கத்தையும் டர்போவையும் கற்றுக்கொண்டு, எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். 1985-ன் இரு பட்டங்களும் 1986-ன் இரு பட்டங்களும் பெஜோவுக்கு.

1985-ன் நடுவில் வந்த எஸ்1 ஈ2 வடிவத்தில் ஆடி எல்லாவற்றையும் முயன்றது. ரேடியேட்டரைப் பின்னால் கொண்டுபோய் எடையைச் சமன்செய்தார்கள். முன்னும் பின்னும் பெரிய இறக்கைகள். எடை சுமார் 1,090 கிலோ. திறன் 470 குதிரைத்திறனுக்கு மேல். இதற்குள் ஆடிக்கு மாறியிருந்த ரோர்ல் அதில் சான்ரெமோவை வென்றார். அந்த வடிவம் வென்ற ஒரே உலகப் போட்டி அதுதான்.

1986 போர்ச்சுகல் ராலியில் ஒரு ஃபோர்டு கார் கூட்டத்தில் பாய்ந்து பார்வையாளர்கள் மூவர் இறந்தனர். ஆடி குரூப் பி-யிலிருந்து விலகியது. மே மாதம் கோர்சிகாவில் லான்சியா ஓட்டுநர் ஹென்றி டொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் தீயில் மாண்டார்கள். அடுத்த ஆண்டு முதல் குரூப் பி தடைசெய்யப்பட்டது. பிடிப்பு கூடியதால் திறன் கூடியது. திறன் கூடிய வேகத்தில் பாதுகாப்பு கூடவில்லை. அந்தப் பந்தயத்தைத் தொடங்கிவைத்த கார் என்ற வகையில் குவாட்ரோவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

குவாட்ரோவைப் பிழையற்ற கார் என்று புகழ்வது அதன் பொறியியலுக்குச் செய்யும் மரியாதை அல்ல. நீளவாக்கில் முன்னால் அமர்ந்த எஞ்சினும் அதன் பின்னே நீண்ட கியர்பாக்ஸும்தான் அந்தக் குழல் தண்டைச் சாத்தியமாக்கின. பிற்காலத்தில் காரைக் கட்டிப்போட்டதும் அதே அமைப்புதான். கையிலிருந்த உறுப்புகளை வைத்துக்கொண்டு, ஒரு தண்டைத் துளைத்ததன் மூலம் எல்லோரும் கைவிட்ட யோசனையை வேலைசெய்ய வைத்தார்கள். அந்த யோசனையை நல்ல அமைப்பில் பொருத்துவது எப்படி என்பதைப் பிறர் செய்து காட்டினார்கள். தொடக்கத்தில் 400 கார்கள் போதும் என்று எண்ணித் தொடங்கிய சாலை வடிவம் 1991 வரை 11,452 தயாரானது. 1983-க்குப் பிறகு இன்றுவரை, இரண்டு சக்கரங்களில் மட்டும் இயங்கும் எந்தக் காரும் உலக ராலியின் உற்பத்தியாளர் பட்டத்தை வென்றதில்லை.